வல்வெட்டித்துறைக்குப் போன வைனில் சுவர்

1

போன வருடம் இதே வாரத்தில்தான் வானம் எங்கள் வீட்டைப் போட்டு அடித்தது. ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கிற இந்தச் சின்ன நகரத்தில் தேசிக்காய் அளவு பனிக்கட்டிகள் மேற்கிலிருந்து சாய்வாக வந்து விழுந்தன. விழுந்தன என்பது மரியாதைக்குச் சொல்வது. பகை வைத்திருந்த யாரோ குறிபார்த்து எறிந்தது போலத்தான் இருந்தது. காரின் முன்கண்ணாடி சிதறியது. தக்காளிக் கன்றுகள் கூழாகிப்போயின. மேற்குச் சுவர் முழுவதும் ஓட்டை.

முதல் சத்தத்துக்கே என் மனைவி கமலா சாப்பாட்டு மேசைக்குக் கீழே போய்விட்டாள்.

"இது ஷெல் இல்லையப்பா, ஐஸ்" என்றேன்.

"எதெண்டாலும் நீங்களும் உள்ளை வாங்கோ" என்றாள்.

போனேன். இரண்டு பேரும் மேசைக்குக் கீழே குந்தியிருந்து, வீடு அடிவாங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் மகள் அபி மேல்மாடி யன்னலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் இங்கே பிறந்தவள். மேலேயிருந்து எது விழுந்தாலும் அவளுக்கு அது படம் எடுக்கிற விசயம்.

மழை விட்டதும் காப்புறுதிக் கம்பனிக்கு நானே போன் எடுத்தேன். முப்பது வருடமாகப் பேசுகிற ஆங்கிலம், கோபம் வந்தால் எனக்குக் காலை வாரிவிடும். என்ன நடந்தது என்று அந்தப் பெண் கேட்டாள். வீட்டில் சரியான அடி, எல்லாம் உடைந்துபோனது, மனைவி மேசைக்குக் கீழே ஒளித்திருக்கிறாள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்தி என் முகவரியைக் கேட்டாள். தேநீர் போட்டுக் குடித்து முடிப்பதற்குள் வாசலில் இரண்டு பொலிஸ்காரர்கள் நின்றார்கள். கமலாவைத் தனியாகக் கூப்பிட்டு வைத்து, கணவர் உங்களை அடிப்பாரா என்று கேட்டிருக்கிறார்கள். அவள் சிரித்த சிரிப்பில் அவர்கள் இன்னும் சந்தேகப்பட்டுப் போனார்கள்.

2

இங்கே வீட்டின் வெளிச்சுவர் நம்முடையதைப் போலக் கல்லும் சீமெந்தும் இல்லை. மரச்சட்டத்தின் மேலே வைனில் என்கிற பிளாஸ்ரிக் பலகைகளை ஒன்றோடொன்று கொளுவி ஆணி அடித்திருப்பார்கள். காப்புறுதிக்காரர் தந்தது பலகைக்குத்தான் போதும். ஆட்கள் கேட்ட கூலியைக் கேட்டதும் எனக்கு மண்டை விறைத்து, நானே செய்கிறேன் என்று இறங்கினேன். நான் முகநூலில் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு, இதை வெட்டுவதற்கு மலிவாக என்ன சாமான் வேண்டும் என்று ஊரிலிருந்து சிலர் கேட்டிருந்தீர்கள். அடிபட்டுப் படித்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, தகரம் வெட்டுகிற கத்தரி. கடையில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மூன்று நிறப் பிடிகளில் தொங்கும். ஒன்று இடப்பக்கம் வளைத்து வெட்ட, ஒன்று வலப்பக்கம், மஞ்சள் நேரே வெட்ட. மஞ்சள் போதும். மூன்றையும் சேர்த்துக் கட்டி, மலிவு மலிவு என்று எழுதி வைத்திருப்பார்கள், ஏமாறாதீர்கள். வெட்டும்போது கத்தரியின் வாயை முழுவதும் மூடக்கூடாது. முக்கால்வாசி மூடி, முன்னே தள்ளி, மறுபடி முக்கால்வாசி. முழுக்க மூடினால் நுனி கடிக்கிற இடத்தில் பலகை வெடிக்கும்.

இரண்டாவது, அலகு மாற்றுகிற கைக்கத்தி. பலகையை நிலத்தில் போட்டு, மட்டம் வைத்து, அழுத்தி ஒரு கீறல். அறுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. கீறின இடத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் மடக்கினால் கோழிக்கழுத்து முறிகிற மாதிரி ஒரு சத்தத்தோடு இரண்டாகும். குளிர்நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள். குளிரில் பலகை கண்ணாடியாகிவிடும்.

மூன்றாவது, வட்டவாள். வாங்கவேண்டாம், இரவல் எடுங்கள். நுண்ணிய பல்லுள்ள தகட்டைத் தலைகீழாக, பல் பின்பக்கம் பார்க்க மாட்டவேண்டும். நேராக மாட்டினால் அது பலகையைக் கொத்தி எறியும். எனக்கு எறிந்தது. ஒரு துண்டு உதட்டுக்குக் கீழே நாடியில் ஏறி, சட்டை நனைந்து, தையல் போட்டார்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருந்தபடியால் கண் தப்பியது.

இவற்றோடு, பூட்டின பலகையைக் கழற்றுவதற்கு விரலளவு தகட்டுக் கொக்கி ஒன்று. இருக்கிறதிலேயே விலை குறைந்தது இதுதான். இன்னுமொன்று, ஆணியை இறுக்கி அடிக்காதீர்கள். பலகை வெயிலுக்கு நீளும், குளிருக்குச் சுருங்கும். அது அசைய இடம் விடாவிட்டால் தானே கிளம்பி முறுகும்.

மலிவு பார்க்கக்கூடாத சாமான் ஒன்றே ஒன்று இருக்கிறது. அது கத்தி. நான் வாங்கியது ஒரே பொதிக்குள் மூன்று போட்டு விற்கிற சாதி. இரண்டாம் நாளே பிளாஸ்ரிக் தூள் அடைத்து, அலகை உள்ளே இழுக்கிற பொத்தான் இறுகிவிட்டது. வெளியே வந்த அலகு வெளியேதான் நிற்கும். வேலை நடக்கிறதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

3

வேலை முடிய, பலகை நிறைய மிஞ்சியது. எறிய மனம் வரவில்லை. ஊரில் என் தங்கச்சி சாந்தியின் வீட்டு வடக்குச் சுவர் ஞாபகம் வந்தது.

எங்கள் அப்பா கட்டிச் சாந்திக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு அது. வடக்கே கடல். உப்புக்காற்று அந்தச் சுவரைத் தின்றுகொண்டே இருக்கும். எத்தனைதரம் பூசினாலும் இரண்டு வருடத்தில் சீமெந்து சொறி பிடித்து உதிரும். வைனிலுக்கு உப்பும் இல்லை, துருவும் இல்லை. இதைவிட வேறென்ன வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பலகைகளை அளவாக வெட்டி, மேலே ஒரு கத்தரி, ஒரு கொக்கி, கத்திப் பொதியில் மிஞ்சிய ஒன்று எல்லாம் வைத்து, கடல்வழிப் பெட்டியில் போட்டு அனுப்பினேன். வெளிநாட்டுக்காரன் அனுப்புகிற பெட்டிக்குள் சொக்லேட்டும் சம்பூவும் இருக்கும் என்று நினைத்துத் திறந்தவர்களுக்குச் சுவர் இருந்தது. சாந்தி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் மகன் ஆனந்தண்ணையின் வளவு. அப்பாவும் பெரியப்பாவும் ஒரே காணியைப் பாதியாகப் பிரித்தவர்கள். முன்னால் சின்னத் தெருவாக ஓடுகிற ஒழுங்கையின் கரையில் ஒரு எல்லைக்கல், பின்வளவில் ஒரு எல்லைக்கல். இரண்டுக்கும் நடுவே நேர்கோடு. அப்பா அந்தக் கோட்டை ஒட்டியே சுவரை எழுப்பினார். எங்கள் கூரைத் தண்ணீர் பெரியப்பாவின் நிலத்தில்தான் விழும். அவர் ஒன்றும் சொன்னதில்லை.

சண்டைக் காலத்தில் பின்வளவில் அந்தக் கோட்டின் மேலேயே பங்கர் வெட்டினோம். வாசல் எங்கள் பக்கம், உள்வீடு அவர்கள் பக்கம். வெட்டும்போது பின்பக்க எல்லைக்கல் குழிக்குள் சரிந்துவிடாதபடி பெரியப்பா அதை நட்ட இடத்திலேயே, குழியின் ஓரத்தில், பனங்குற்றியால் முட்டுக்கொடுத்து வைத்தார். ஷெல் வரும்போது இரண்டு குடும்பமும் அதற்குள்தான். ஒருநாள் பின்னேரம் கடற்பக்கமிருந்து அடிக்கத் தொடங்கினார்கள். நான் கிணற்றடியில் சவர்க்காரத்தோடு நின்றேன். பெரியப்பா ஓடிவந்து, என் பிடரியில் கைவைத்து, நாய்க்குட்டியைத் தூக்கி எறிகிற மாதிரி என்னைப் பங்கருக்குள் எறிந்தார். அவர் பின்னால் இறங்கவில்லை. மேலே இருந்து மண்ணும் இரத்தமும் என் முதுகில் கொட்டியது. வாசலில் கிடந்தவரை ஆனந்தண்ணைதான் கால்களைப் பிடித்து உள்ளே இழுத்தார். இழுத்தபோது வந்தது முழுவதும் பெரியப்பா இல்லை. ஆனந்தண்ணையின் முகத்தை நான் அதற்குப் பிறகு நேராகப் பார்த்தது குறைவு.

அதற்குப் பிறகு கொஞ்சக் காலத்தில் நான் வெளிநாடு வந்துவிட்டேன். ஆனந்தண்ணை கடலுக்குப் போனார், முகாமுக்குப் போனார், திரும்பி வந்து மறுபடி கடலுக்குப் போனார். பங்கரை யாரோ மூடினார்கள். எல்லைக்கல்லும் அதோடு மண்ணுக்குள் போனது.

4

அங்கே பின்னேரம், இங்கே காலை. சாந்தியின் கணவர் தவம் போனைத் தண்ணீர்த் தொட்டியின் மேலே சாய்த்து வைத்துவிட்டு வேலை செய்தார். நான் தேநீரோடு இருந்து வீடியோவில் வழிசொன்னேன். சுவரில் நேரே பலகை அடிக்க முடியாது. முதலில் மரச்சலாகை அடித்து, அதன்மேல் பலகை. இரண்டும் சேர்ந்து இரண்டு அங்குலத் தடிப்பு. சலாகை எல்லாம் முதல்நாளே அடித்துவிட்டார். பாதிச்சுவருக்குப் பலகையும் ஏறிவிட்டது. வெள்ளையாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"மச்சான், இந்த மூலைக்கு எவ்வளவு விட்டு வெட்டிறது?"

"கால் அங்குலம் விடு தவம். இறுக்கினியெண்டால் நாளைக்கு வெயிலுக்குப் பாம்பு மாதிரி நெளியும்."

"கத்தி உள்ளை போகுதில்லை."

"அது அப்பிடித்தான். நீ கீறு."

அப்போது படத்துக்கு வெளியே ஆனந்தண்ணையின் குரல் கேட்டது.

"தவம், உதை நிப்பாட்டு."

"ஏனண்ணை?"

"சுவர் என்ரை காணிக்குள்ளை வந்திட்டுது."

"சுவர் எங்கை வந்தது? மாமா கட்டின இடத்திலைதானே நிக்குது."

"சித்தப்பா கட்டினது சரி. நீ அதுக்கு மேலை அடிச்சது ரெண்டு அங்குலம். நான் கண் தெரியாதவன் எண்டு நினைச்சியோ?"

நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அது வராது.

"ஆனந்தண்ணை, நான் குணம் கதைக்கிறன்."

அவர் சுற்றிப் பார்த்து, தொட்டியின் மேலிருந்த போனைக் கண்டு, கிட்ட வந்து குனிந்தார். தாடி முழுவதும் நரைத்திருந்தது.

"ஓ, கனடாவோ. அங்கை இருந்துகொண்டு காணி பிடிக்கிறியோ?"

"அண்ணை, ரெண்டு அங்குலத்திலை நீங்கள் என்ன வள்ளம் கட்டப்போறியளோ?"

அவருடைய முகம் மாறியதைக் கண்டேன். அவர் திரும்பிப் போய், அடித்திருந்த பலகையின் கீழ் உதட்டில் இரண்டு கையையும் கொடுத்து இழுத்தார். ஆணிகள் பிடுங்கிக்கொண்டு வருகிற சத்தம் போனில் டப் டப் என்று கேட்டது. தவம் கத்தினார். "விடுங்கோ, அண்ணை, விடுங்கோ எண்டுறன்." ஆனந்தண்ணை அடுத்த பலகையையும் இழுத்தார். தவம் அவருடைய நெஞ்சில் தள்ளினார். அவர் தவத்தின் கையைப் பிடித்து முறுக்கினார். தவம் அவரைத் தோளால் இடித்தார். இருவரும் தண்ணீர்த் தொட்டியில் வந்து மோதினார்கள்.

போன் விழுந்தது. மல்லாந்து விழுந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் முருங்கை இலையும் ஆகாயமும்தான். சத்தம் மட்டும் வந்தது. மூச்சு வாங்குகிற சத்தம், யாரோ யாரையோ அடிக்கிற சத்தம், பலகை மிதிபட்டு முறிகிற சத்தம். நான் இங்கே கதிரையை உதைத்துவிட்டு எழும்பி நின்று, "தவம்! ஆனந்தண்ணை! டேய்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அதன்பிறகு சாந்தியின் அலறல்.

"ஐயோ கையைப் பாருங்கோ! அண்ணைன்ரை கையைப் பாருங்கோ!"

ஆகாயத்தின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. சிவப்பாகப் பரவிப் போனின் முகத்தை மூடியது. அதற்குள்ளால் யாரோ ஓடுவது நிழலாகத் தெரிந்தது.

5

அலகு ஆனந்தண்ணையின் வலக்கைப் பெருவிரலின் அடியில் இறங்கி, உள்ளங்கையைக் குறுக்கே பிளந்துகொண்டு போயிருக்கிறது. சாந்தி தன் சீலையைக் கிழித்துச் சுற்றி, ஓட்டோவில் ஏற்றி, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். வழியெல்லாம் இரத்தம். தவம் ஓடவில்லை. கத்தியோடு அந்தச் சுவரடியிலேயே குந்தியிருந்தவரைப் பொலிஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. வேண்டுமென்றே வெட்டினான் என்று ஆனந்தண்ணை ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் கொடுத்தார். தவத்தை விளக்கமறியலில் போட்டார்கள்.

இதை நான் சொன்னபோது அபி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு இஞ்சுக்காகவா, அப்பா?"

"ஓம்."

"அவர் உங்களுக்கு யார்?"

"பெரியப்பான்ரை மகன். அண்ணை முறை."

"அப்ப ஏன் அவரைக் கேக்காமல் செய்தனீங்கள்?"

மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். கோப்பை துள்ளி விழுந்து உடைந்தது. அவள் பயப்படவில்லை. இரண்டு பொலிஸ்காரர் வந்த கதையை ஞாபகப்படுத்துகிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, உடைந்ததைப் பொறுக்கினாள். எங்கள் பக்கத்து வீட்டுக் கிழவர் புல்வெட்டுகிறபோது எல்லை பார்ப்பதில்லை, எங்கள் முற்றத்துப் புல்லையும் சேர்த்து வெட்டிவிட்டுப் போவார். குடிவந்த புதிதில் அதைக் கண்டு எனக்கு நெஞ்சு படபடத்தது, இன்றைக்குப் புல், நாளைக்கு நிலம் என்று. அப்படிப்பட்டவன்தான் ஆனந்தண்ணையின் பக்கத்தை அளக்காமல் சலாகை அடிக்கச் சொன்னேன். அங்கேயிருப்பது என் அண்ணை, அவர் என்ன சொல்லப்போகிறார் என்ற எண்ணம். சொந்தக்காரன் என்றால் கேட்கத் தேவையில்லை என்று நினைப்பது நம்முடைய ஆட்களிடம் மட்டுமே இருக்கிற நோய்.

சாந்தி ஒவ்வொரு நாளும் எடுத்தாள். ஒரே வசனம்தான்.

"அண்ணை, எனக்குச் சுவரும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். அந்தாளை வெளியிலை எடுத்துத் தாங்கோ."

சட்டத்தரணி சொன்னதும் ஒரே வசனம்தான். காயப்பட்டவர் 'இழுபறியில் தவறுதலாகப் பட்டது' என்று திருத்தி வாக்குமூலம் கொடுத்தால் பிணையும் கிடைக்கும், வழக்கும் இளகும். இல்லையென்றால் தவம் வருடக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டிவரும். நான் பயணச்சீட்டு எடுத்தேன்.

6

ஆனந்தண்ணை வீட்டில் என்னை இருக்கச் சொன்னார்கள். தேத்தண்ணி தரவில்லை. அவருடைய மனைவி பவளமக்கா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தபடி நின்றா.

"கையைப் பாக்க வந்தனியோ, சுவரைப் பாக்க வந்தனியோ?" என்றார் ஆனந்தண்ணை.

"உங்களைப் பாக்கத்தான் அண்ணை."

"அப்ப பார்."

இடக்கையால் துணியை அவிழ்த்தார். கடைசித் தையல் பிரித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்க வேண்டும். உள்ளங்கையில் சிவந்து தடித்து ஒரு கோடு. சிறுவிரலும் மோதிரவிரலும் விறைத்து நின்றன. மடக்கிக் காட்ட முயன்றார். மற்ற விரல்கள் மடங்கின, அவை இரண்டும் அப்படியே நின்றன. வலியில் அவருடைய கண்ணில் தண்ணீர் நிறைந்தது.

"வலை இழுக்கேலாது. எஞ்சின் கயிறு இழுக்கேலாது. சோறு குழைக்கேலாது. உவள்தான் தீத்திறாள்."

என்னைப் பங்கருக்குள் தூக்கி எறிந்தவரின் மகன். நான் அனுப்பிய கத்தி. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

"தவம் வேணுமெண்டு வெட்டேல்லை அண்ணை" என்று மட்டும் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"தெரியும். நான்தான் அவன்ரை கையைப் பிடிச்சு முறுக்கினனான். கத்தி திரும்பி என்ரை கைக்குள்ளை வந்தது."

"அப்ப ஏன் அண்ணை பொலிசிலை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"வேறை என்னத்தைச் சொல்ல? கையும் போய், எல்லையும் போய், தவறிப் பட்டது எண்டு சொல்லிப்போட்டு வீட்டிலை வந்து படுக்கவோ?" அவர் குரல் உயர்ந்தது. "பின்கல்லைத் தோண்டி எடு. நூல் பிடிப்பம். நான் சும்மா அடிபடேல்லை, என்ரை நிலத்துக்குத்தான் அடிபட்டனான் எண்டு இந்த ஒழுங்கை காணட்டும். பலகையைக் கழட்டு. அண்டைக்கே போய்ச் சொல்லுறன், தவறித்தான் பட்டது எண்டு."

நூல் வேறுமாதிரிச் சொன்னால் என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. அவரும் அதை நினைத்த மாதிரித் தெரியவில்லை.

அடுத்தநாள் காலை வெயில் ஏறமுதல் பின்வளவில் தோண்டத் தொடங்கினேன். ஆள் பிடிக்கவில்லை, நானே தோண்டினேன். பங்கர் மண் தளர்வாக இருந்தது. உரப்பைத் துண்டுகள், உக்கின பனங்குற்றி, விரல் நீளத்துக்கு ஒரு ஷெல் துண்டு. அந்தத் துண்டை எடுத்து ஓரமாக வைத்தேன். பெரியப்பா விழுந்த இடத்தில் நின்று மண்வெட்டியால் வெட்டிக்கொண்டிருக்கிறேன். இடுப்பளவு போனதும் ஓரத்து மண்சுவரில் மண்வெட்டி கல்லில் பட்டுத் தீப்பொறி பறந்தது. குற்றி முட்டுக்கொடுத்தபடி, சரியாமல், நட்ட இடத்திலேயே நின்றது எல்லைக்கல். தலையில் அந்தக் காலத்தில் கொத்திய கீறலும் இருந்தது.

ஒழுங்கைக் கரைக் கல்லருகே ஆனந்தண்ணை பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். பவளமக்கா பக்கத்தில். ஒழுங்கையில் நாலைந்து பேர் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார்கள். அவர் நூலின் ஒரு முனையை இடக்கையில் சுற்றி அந்தக் கல்லின் கீறலில் வைத்து அழுத்திக்கொண்டார். மற்ற முனையை நான் இழுத்துக்கொண்டு வந்து குழிக்குள் இறங்கினேன். நான் வெட்டிக் கொட்டிய மண்மேடு எங்களுக்கு நடுவே உயர்ந்து நின்றது. அவருக்கு என் தலை மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"கல் கிடைச்சுதோ?" என்று கத்தினார்.

"கிடைச்சிட்டுது அண்ணை."

"கீறலிலை வை. இழுத்துப் பிடி."

வைத்தேன். இழுத்தேன். எட்டிச் சுவரைப் பார்த்தேன்.

நூல் பலகையில் முட்டவில்லை. கிட்டவும் போகவில்லை. சுவரில் மிஞ்சி நின்ற பலகைக்கும் நூலுக்கும் நடுவே என் இரண்டு விரல் போகிற இடைவெளி இருந்தது. அப்பா கோட்டை ஒட்டிக் கட்டவில்லை. எங்கள் பக்கம் நாலு அங்குலம் உள்ளே தள்ளித்தான் கட்டியிருந்தார். அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. சலாகையும் பலகையும் எங்கள் நிலத்துக்குள்தான் நின்றன. தவம் யாருடைய நிலத்தையும் தொடவில்லை. ஆனந்தண்ணையின் இரண்டு விரல் போனது ஒன்றுமில்லாததற்கு.

எனக்கு முதலில் வந்தது கோபம். மண்மேட்டில் ஏறி நின்று, வந்து பாருங்கோ, எல்லாரும் வந்து பாருங்கோ என்று கத்தவேண்டும் போல இருந்தது. தவம் கம்பிக்குள் கிடக்கிறான், தங்கச்சி அழுது அழுது எலும்பாகிவிட்டாள், உங்களுடைய எல்லை இதோ கிடக்கிறது, வந்து பாருங்கோ. வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஏற ஒரு காலை எடுத்து வைத்ததில் நூலும் ஆடியது.

"என்னடா, ஆட்டாமல் பிடி" என்றார். குரலில் அதட்டல் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

அந்த மனிதனுக்கு இனி வலையில்லை, வள்ளமில்லை. அவரிடம் மிஞ்சியிருப்பது இந்த ஒரு நியாயம்தான். அதையும் நான் பிடுங்கினால் அவர் பொலிசுக்குப் போய் எதைச் சொல்லுவார்? எதையும் சொல்லமாட்டார். கல்லே பொய் என்று ஒரு வழக்கு, நூல் பொய் என்று இன்னொரு வழக்கு, தவம் உள்ளேயே இருப்பான்.

நூலைக் கீறலில் இருந்து எடுத்தேன். சுவர் ஒழுங்கைக்குக் கிட்ட இருக்கிறது, கல் தூரத்தில். இங்கே நன்றாக நகர்த்தினால்தான் அங்கே கொஞ்சமாவது நகரும். எங்கள் பக்கமாக ஒரு சாண் நகர்த்தினேன். போதவில்லை. இன்னும் ஒரு சாண் நகர்த்தி, வெறும் மண்ணில் முழங்காலை ஊன்றி, நூலை அழுத்தி இழுத்தேன். நூல் பலகையின் மூலையில் முட்டி வளைந்தது.

"முட்டுது!" ஆனந்தண்ணை கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "பார், முட்டுது! நான் சொன்னனான்! பவளம், பாத்தியே? எல்லாரும் பாருங்கோ!" கடைசிச் சொல்லில் அவருடைய குரல் உடைந்து அழுகையாகியது. ஒழுங்கையில் நின்றவர்கள், ஓம் முட்டுதுதான், முட்டுதுதான் என்றார்கள்.

அப்போதுதான் பின்னால் நிழல் விழுந்ததைக் கண்டேன். சாந்தி குழியின் விளிம்பில் நின்றாள், கையில் எனக்குக் கொண்டுவந்த தேத்தண்ணியோடு. அவள் கல்லைப் பார்த்தாள். அதன் தலையில் இருந்த கீறலைப் பார்த்தாள். அதற்கு இந்தப் பக்கம் வெறும் மண்ணில் நூலை அழுத்திக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தாள். நிலம் அவளுடையது. காணி உறுதியில் இருப்பது அவளுடைய பெயர். அவளைக் கேட்காமல் நான் அதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் எல்லாம் முடிந்தது.

அவள் தேத்தண்ணியை மேட்டில் வைத்தாள். சீலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். வெறுங்காலால் மண்ணை இழுத்துக் கல்லின் மேலே தள்ளினாள். கீறல் மறைந்தது. இன்னும் தள்ளினாள். கல் மறைந்தது. ஏறி நின்று இரண்டு காலாலும் மிதித்தாள்.

பிறகு ஒழுங்கைப் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

"ஓம், ஆனந்தண்ணை. உங்கடை நிலத்துக்குள்ளைதான் வந்திருக்குது."